வாசகர் கேள்வி – பதில்: மலைக்குப் போகும் ஆறு பேர்

சென்ற மாதம் மலைப்பயணம் குறித்து இப்பகுதியில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஒரே பள்ளியில் பணிபுரியும் ஆறு பேர். வயது 29 முதல் 51 வரை. பொங்கல் விடுமுறையை ஒட்டி, கூடாரமும் சமையல் சாமான்களும் முதுகில் சுமந்துகொண்டு பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காட்டில் இரண்டு இரவுகள் தங்கிவர எண்ணுகிறோம். திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?
— ஓர் ஆசிரியை, தக்கலை

பதில்: இடத்தை மாற்றுவதிலிருந்து தொடங்குங்கள். நம் மாவட்டத்தின் மலைக்காடுகளில் பெரும்பகுதி, ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர், கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி அதற்குள் நுழைவதே குற்றம்; அங்கே சொந்தக் கூடாரம் அடித்து அடுப்பு மூட்டுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் பலர் உயிரிழந்த பிறகு, அரசு மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபர் முதல் மாநிலம் முழுவதும் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை வனத்துறையே இணையப் பதிவின் மூலம், உள்ளூர் வழிகாட்டிகளைத் துணைக்கு அனுப்பித் திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் ஒரே பகலில் போய்த் திரும்புபவை.

இரண்டு இரவுகள் கட்டாயம் வேண்டுமென்றால், நம் ஊர்க்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் இருப்பது அகத்தியர்கூடம். பொதிகையின் உச்சியான அது 1,868 மீட்டர் உயரமுள்ளது. திருவனந்தபுரம், நெடுமங்காடு, விதுரா வழியாகப் போணக்காடு சென்று, அங்கிருந்து நடக்க வேண்டும். முதல் இரவு அதிருமலை முகாமில், மறுநாள் உச்சிக்குப் போய் மீண்டும் முகாமுக்கு, மூன்றாம் நாள் இறக்கம். கேரள வனத்துறை பொங்கலை ஒட்டியே இதைத் திறக்கிறது. பதிவு தொடங்கியதும் இடங்கள் விரைவில் தீர்ந்துவிடுவதால், டிசம்பர் பிற்பகுதியிலிருந்தே அறிவிப்பைக் கவனித்து வாருங்கள். 2019 முதல் பெண்களுக்கும் அங்கே வழி திறந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் கேட்கத் தயங்கிய கேள்வி அதுவாக இருக்கலாம்.

ஆறு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. நான்குக்குக் குறையக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு: ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் அவருடன் இருக்க, மற்ற இருவர் சேர்ந்து உதவி தேடிப் போகலாம், காட்டில் எவரும் தனியாக நடக்க வேண்டியிருக்காது. எட்டு பத்து பேரானால் குழு தானாகவே இரண்டாக உடைந்து, முன்னால் போகிறவர்கள் எங்கே என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியாமல் போகும்.

இனி நேரக் கணக்கு. ஸ்காட்லாந்தின் மலையேறியான நெய்ஸ்மித் 1892இல் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் என்றால் 3 மணி 24 நிமிடம் வரும். ஆனால் அது பழக்கப்பட்டவரின் கணக்கு. முதுகில் சுமையும் காலடியில் ஈர வேர்களும் இருக்கும்போது அதில் பாதியைக் கூட்டி, ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் மிகவும் மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு, அவருடைய நடைக்கு மற்றவர்கள் நடக்க வேண்டும். (51 வயதுக்காரர்தான் அவர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், பெரும்பாலும் அது நாற்காலியைவிட்டு எழாத முப்பது வயதுக்காரராக இருக்கும்.)

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது, உச்சியை எட்டினாலும் எட்டாவிட்டாலும் எத்தனை மணிக்குத் திரும்பிவிடுவது என்பதை வீட்டிலேயே முடிவுசெய்து தாளில் எழுதி வைப்பது. வனத்துறை ஒரு நேரம் விதித்திருந்தால் உங்கள் நேரம் அதற்கும் முன்னதாக இருக்கட்டும். இளமையில் பதினொரு பேராக ஒரு மலைக்குப் போனபோது நாங்கள் இதைச் செய்யவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு உச்சிக்குக் கீழே நின்றுகொண்டு, ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்று ஒரு பாதியும் ‘போதும்’ என்று மறுபாதியும் வாதிட்டோம். வாதிட்டதிலேயே முக்கால் மணி நேரம் கழிந்தது. இறங்கும் வழியில் இருட்டிவிட்டது. பதினொரு பேருக்கு இரண்டே டார்ச் இருந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை இன்றும் எங்கள் சாமர்த்தியமாக நான் நினைப்பதில்லை.

கேள்வி: முதுகுப்பையில் எவ்வளவு எடை வைக்கலாம்? எதையெல்லாம் தவிர்க்கலாம்?
— வங்கி ஊழியர், நாகர்கோவில்

பதில்: உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உச்ச வரம்பு, 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதையும் இதற்குள் கணக்கிடுங்கள். எடை மிகுந்த பொருள்கள் முதுகை ஒட்டி நடுவிலும், போர்வை அடியிலும், மழைச்சட்டை மேலேயும் இருக்கட்டும். இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினால் சுமை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். பைக்கு வெளியே போடும் உறையை நம்பாமல், உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் துணிகளை வையுங்கள்.

பருத்தி உடை நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது, மலைக்கு அன்று. நனைந்தால் எளிதில் காயாது, உடல் சூட்டையும் உறிஞ்சிவிடும். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பதால், நாகர்கோவிலில் 30 டிகிரி இருக்கும்போது பொதிகை உச்சியில் 18 அளவில்தான் இருக்கும். காற்றும் ஈரமும் சேர்ந்தால் அது இன்னும் குளிராகத் தெரியும். முகாமில் உணவு விடுதி இருக்குமானால் அரிசியும் பாத்திரமும் எதற்கு? அவல், வறுத்த நிலக்கடலை, கருப்பட்டி, நேந்திரங்காய் வற்றல் ஆகியவை வழிக்குப் போதும். மட்டிப்பழம் கொண்டுபோக ஆசை வரும். பைக்குள் நசுங்கி அது படுத்தும் பாட்டைக் கண்டவன் என்பதால் வேண்டாம் என்கிறேன்.

புறப்படுவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே மருத்துவாழ் மலையில் ஒத்திகை பாருங்கள். பையில் தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பிச் சுமந்து ஏறி, மேலே போனதும் குடித்தது போக மீதியைக் கொட்டிவிட்டு இறங்குங்கள். ஏற்றத்தில் சுமை பழகும். முழங்காலை வதைக்கும் இறக்கத்தில் சுமை இராது. புதிய காலணியையும் இந்த வாரங்களிலேயே பழக்கிவிடுங்கள்.

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான், அட்டைக்கு அஞ்சவில்லை. பாம்பு கடித்தால் காட்டுக்குள் என்ன செய்வது?
— குலசேகரம் வாசகர்

பதில்: கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது ஆகிய மூன்றையும் செய்யாதீர்கள். மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை அல்லது காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் குச்சி வைத்து அசையாமல் கட்டி, கடிபட்டவரை நடக்க விடாமல் சுமந்து செல்ல வேண்டும். இங்குதான் ஆறு பேர் என்ற எண்ணிக்கைக்கு மீண்டும் பொருள் வருகிறது. மாற்றி மாற்றிச் சுமக்க ஆள் வேண்டும். நம் மாவட்டப் பகுதியானால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கே நேராகப் போங்கள். நம் நாட்டில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. மலைக்காட்டுக் குழிவிரியன்களுக்கு அது பயன்படாது. ஆகவே கடிபடாமல் இருப்பதே வழி: கணுக்கால் மூடும் காலணி, கையில் ஒரு கோல், கல்லின் மேலும் விழுந்த மரத்தின் மேலும் பார்க்காமல் கை வைக்காமை.

அட்டைக்கு அஞ்சாதது நல்லது. ஆனால் கூட வருபவர்களுக்காகச் சொல்கிறேன்: பிடித்து இழுக்காமல் நகத்தைப் பக்கவாட்டில் நுழைத்து விடுவித்துவிடுங்கள். இரத்தம் உறையவிடாத பொருளை அது செலுத்துவதால் சிறிது நேரம் கசியும். கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

கேள்வி: அரிக்கொம்பனைப் பற்றிச் சொல்லி வீட்டில் தடுக்கிறார்கள். உண்மையிலேயே ஆபத்தா?
— கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

பதில்: அந்த யானையை 2023 ஜூனில் மேல் கோதையாறு காட்டில் விட்டார்கள். ஆனால் பெயர் பெற்ற ஒரு யானையைவிட, பெயரில்லாத மற்ற யானைகளே எண்ணிக்கையில் அதிகம். அதிகாலையிலும் அந்திக்குப் பிறகும் நடக்காதீர்கள்; பாட்டுப்பெட்டி வேண்டாம்; வழிகாட்டி நில் என்றால் நில்லுங்கள். அவர் இம்மலைகளின் பழங்குடியான காணிக்காரராக இருந்தால், ஈரமான சாணத்தையும் ஒடிந்த ஈற்றை மூங்கிலையும் பார்த்து அவர் அறிவதை நம் கைப்பேசி அறியாது.

கேள்வி: பணம் கட்டிய பிறகு மழை அறிவிப்பு வந்தால் என்ன செய்வது?
— வணிகர், குளச்சல்

பதில்: போகாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று என இரண்டையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. மலையில் ஓடைகள் அரை மணி நேரத்தில் பெருகும். போகும்போது முழங்கால் அளவிருந்த தண்ணீர் திரும்பும்போது இடுப்பளவு இருக்கலாம். அவ்வாறு இருந்தால் கரையிலேயே காத்திருங்கள். மழை ஓய்ந்தால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் நீர் இறங்கிவிடும். பயணம் நின்றுபோனால் யார் பங்கு எவ்வளவு இழப்பு என்பதைப் பணம் திரட்டும் அன்றே பேசி முடித்துவிடுங்கள். வீட்டில் ஒருவரிடம் பாதை, உடன்வருபவர்களின் பெயர்கள், வனத்துறை அலுவலக எண், திரும்பி வரும் நேரம், எந்த மணிக்கு மேல் தகவல் இல்லையென்றால் அந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பவற்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.