சியாட்டிலுக்கு வருகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் தங்க வருகிறார்கள். இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. நாங்கள் வேலைக்குப் போனபிறகு பகலெல்லாம் அவர்கள் எங்கே போவார்கள்?
- சியாட்டில் வாசகி

பதில்: முதல் வாரமே பஸ்ஸில் போகப் பழக்கிவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இங்கே வந்து தங்கும் பெற்றோர் பலர் சோர்ந்துபோவதற்குக் காரணம் குளிரைவிட, பிள்ளைகள் வந்து கூட்டிப்போனால்தான் வாசலைத் தாண்ட முடியும் என்ற நிலைமைதான். 65 வயதானவர்களுக்குச் சலுகை விலையில் ஓர்கா என்கிற பயண அட்டை உண்டு. வயதுக்கு ஆதாரம் காட்டி அதை வாங்கிவிட்டால் பஸ்ஸிலும் லைட் ரயிலிலும் ஒரு பயணத்துக்கு 1 டாலர்தான்.

அடுத்தது நூலகம். டவுன்டவுனில் இருக்கும் மத்திய நூலகம் 2004-ல் திறந்தது, கண்ணாடியும் இரும்புமாகக் கோணல்மாணலாக நிற்கும் 11 மாடிக் கட்டடம். உள்ளே நான்கு மாடிகளுக்குப் புத்தக அடுக்குகள் ஒரே சரிவுப் பாதையில் சுற்றிச் சுற்றி மேலே போகும், அதனால் முழங்கால் வலி உள்ளவர்களும் படியேறாமல் மெதுவாக நடந்தே பார்க்கலாம். 10-வது மாடி வாசிப்புக் கூடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், நூலக அட்டையும் தேவையில்லை. சில கிளை நூலகங்களில் ஆங்கிலம் பேசிப் பழக இலவச வகுப்பு நடக்கிறது. அம்மாவை அங்கே கட்டாயம் அனுப்புங்கள், மொழியைவிட அங்கே கிடைக்கும் சிநேகிதம் பெரிது. உங்கள் பெயரில் நூலக அட்டை இருந்தால் அருங்காட்சியகங்களுக்கு இலவச அனுமதிச் சீட்டும் முன்பதிவு செய்யலாம். புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பினால் போடும் அபராதத்தை 2020-லேயே எடுத்துவிட்டார்கள்.

வரும் மாதத்தை நீங்கள் முடிவு செய்ய முடியுமென்றால் ஏப்ரல் கடைசியில் வரவழையுங்கள். டிசம்பரில் மாலை நாலரைக்குள் இருட்டிவிடும், ஜூனில் இரவு ஒன்பதுக்கும் வெளிச்சம் இருக்கும்.

கேள்வி: ஸ்பேஸ் நீடில் டிக்கெட் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஏறித்தான் ஆகவேண்டுமா?
- போர்ட்லண்ட் வாசகர்

பதில்: வேண்டாம். 1962 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய 605 அடிக் கோபுரம் அது, கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே அழகுதான். உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க ஆசையென்றால் வாலன்டியர் பார்க்கில் இருக்கும் பழைய செங்கல் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தின் படிகளில் ஏறுங்கள், காசு கிடையாது. கெர்ரி பார்க்கிலிருந்து நீடிலும் டவுன்டவுனும் ஒன்றாகத் தெரியும், வானம் தெளிந்தால் பின்னால் ரெய்னியர் மலையும்.

கேள்வி: குழந்தைகளுக்கு சால்மன் மீன் காட்ட எங்கே போகலாம்?
- பெல்வியூ வாசகி

பதில்: பேலர்ட் லாக்ஸ், கடலையும் ஏரிகளையும் இணைக்கும் கால்வாயில் படகுகளை ஏற்றி இறக்கும் இடம். இந்த ஊரில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் கைகாட்டுவது இதைத்தான், உள்ளே போகக் கட்டணமும் இல்லை. ஒரு பக்கம் பியூஜெட் சவுண்ட் என்கிற கடல் பகுதியின் உப்புத் தண்ணீர், மறுபக்கம் அதைவிட உயரத்தில் ஏரிகளின் நல்ல தண்ணீர். படகு நடுவிலிருக்கும் தொட்டிக்குள் வந்ததும் கதவை மூடித் தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த பக்கத்துக்கு அனுப்புகிறார்கள், குழந்தைகள் கைப்பிடியில் சாய்ந்தபடி அதையே ஒரு மணி நேரம் பார்ப்பார்கள். 1917-லிருந்து இது ஓடுகிறது.

மீனுக்குத் தனி வழி. 21 படிகள் கொண்ட மீன் ஏணி, அதன் பக்கவாட்டில் தரைக்குக் கீழே கண்ணாடி ஜன்னல்கள். கடலில் வளர்ந்த சால்மன், பிறந்த ஓடையைத் தேடி அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எதிர்நீச்சல் போட்டு ஏறுவதைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். சால்மனில் வகைகள் உண்டு: ஜூலையில் சாக்கை, ஆகஸ்டில் சினூக், செப்டம்பர் வாக்கில் கோஹோ. மற்ற மாதங்களில் போனால் ஜன்னலில் மீன் குறைவாகத்தான் இருக்கும், அதனால் நாள் பார்த்துப் போங்கள்.

குழந்தைகளிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். இந்தக் கால்வாய் வேலையால் 1916-ல் வாஷிங்டன் ஏரியின் மட்டம் ஒன்பது அடி போல இறங்கி, அதிலிருந்து ஓடிய பிளாக் ரிவர் வற்றிப்போனது. அந்த ஆற்றை நம்பித்தான் டுவாமிஷ் பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். அங்கே மீன் பார்க்கும் யாரும் இதைத் தெரிந்துகொள்ளாமல் திரும்பக்கூடாது.

கேள்வி: பைக் பிளேஸ் மார்க்கெட்டில் பன்றி உண்டியலில் போடும் காசு எங்கே போகிறது?
- டகோமா வாசகர்

பதில்: நல்ல இடத்துக்குத்தான். ரேச்சல் என்கிற அந்த வெண்கலப் பன்றி 1986-லிருந்து அங்கே நிற்கிறது. சேரும் பணம் மார்க்கெட்டின் அறக்கட்டளை மூலம் அங்கேயே இருக்கும் மருத்துவமனை, பாலர் பள்ளி, உணவு வங்கி, முதியோர் மையம் ஆகியவற்றுக்குப் போகிறது. இடைத்தரகர்கள் வெங்காய விலையை ஏற்றிவிட்டதில் கொதித்துப்போய், விவசாயிகள் நேரடியாக விற்கட்டும் என்று 1907-ல் தொடங்கிய சந்தை இது. பிறகு இடிக்கத் திட்டம் போட்டார்கள், 1971-ல் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுக் காப்பாற்றினார்கள். தாராளமாகப் போடுங்கள்.

கேள்வி: அபார்ட்மென்டில் இருக்கிறோம். கீரை போட ஒரு துண்டு நிலம் கிடைக்குமா?
- சியாட்டில் வாசகர்

பதில்: கிடைக்கும், பொறுமை வேண்டும். நகராட்சி நடத்தும், ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுக்கும் பீ-பேட்ச் பொதுத் தோட்டங்களில் பெயர் கொடுத்து வையுங்கள். இந்தத் திட்டம் 1973-ல் பிக்கார்டோ குடும்பத்தின் பண்ணையில் தொடங்கியது. ரசாயன உரம், பூச்சிமருந்து கூடாது, பொது வேலைக்கும் வருடத்தில் சில மணி நேரம் கொடுக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியல் பல இடங்களில் நீளம் என்பதால் வீட்டுக்குப் பக்கத்தில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். வெந்தயக் கீரை, கொத்தமல்லி, பீன்ஸ் எல்லாம் நன்றாக வரும். முருங்கையை நடவேண்டாம், குளிர்காலம் தாங்காது. கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்து அக்டோபரில் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.