நாயிடம் புதுக் குரலில் பேசிப் பழகலாமா?
பெண் குரலுக்குப் பயிற்சி எடுக்கும்போது நாய் காதை மடக்கிக்கொண்டு விலகிப் போகிறது, அதை வெறும் பயிற்சிக் கருவியாக்குகிறேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். பேசுங்கள், தப்பே இல்லை. ஆனால் எழுந்து போனால் விட்டுவிடுங்கள், தீனி காட்டி உட்கார வைக்க வேண்டாம். பழகிய கை சைகையோடு புதுக் குரலைச் சேர்த்துக் கூப்பிடுங்கள், உங்கள் வாசனை அதற்குத் தெரியும், மெல்லப் பழகும்.

அப்புறம், நாயைக் கொஞ்சும்போது தானாக வரும் கீச்சுக் குரலை இலக்காக வைக்காதீர்கள். அதில் பெரும்பாலும் சுருதிதான் ஏறுகிறது, கேட்பவர் காதில் பெண் குரலாக விழுவதற்குத் தொண்டையிலும் வாயிலும் எழும் ஒத்ததிர்வும் பேச்சின் ஏற்ற இறக்கமும் அதே அளவு முக்கியம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை எடுத்தாலும், ஆண் பருவ வயதில் தடித்த குரல் நாண்கள் மெலியாது, ஆகவே பயிற்சிதான் முதல் வழி. தொண்டை வலித்தாலோ கரகரத்தாலோ அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். தொடர்ந்தால் பேச்சு சிகிச்சையாளரைப் பாருங்கள்.