பழைய கடனுக்கு வசூல் ஏஜென்ட் அழைத்தால்: கேள்வி பதில்

கேள்வி: 2018-க்குப் பிறகு பர்சனல் லோன் கட்டவில்லை. யாரோ அழைத்து, "இன்று 500 ரூபாயாவது போடுங்கள், கேஸை நிறுத்திவைக்கிறேன்" என்கிறார். போடலாமா?

போடாதீர்கள், முதலில் தேதியைப் பாருங்கள். அடமானம் எதுவும் வைக்காத கடனுக்கு 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி பொதுவாக 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடுவுக்குள் பாக்கி உண்டு என்று எழுதிக் கொடுத்தாலோ, கொஞ்சம் கட்டி அதற்கு உங்கள் கையெழுத்தில் பதிவு இருந்தாலோ, 3 ஆண்டு மறுபடி முதலிலிருந்து ஓடும். கெடு முடிந்த பிறகும் "கட்டிவிடுகிறேன்" என்று கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தச் சட்டம் 25(3)-இன்படி அது புது ஒப்பந்தமாகிவிடும். எந்த வங்கி, எந்தக் கணக்கு, கடைசியாக எப்போது கட்டியது, வங்கி கொடுத்த அதிகாரக் கடிதம், எல்லாம் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள், போனில் அதற்கு மேல் பேச வேண்டாம். ஆனால் வங்கி ஏற்கனவே கோர்ட்டில் டிக்ரி (பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பு) வாங்கியிருந்தால் நிறைவேற்ற 12 ஆண்டு உண்டு, அதனால் சம்மன் வந்தால் அலட்சியப்படுத்தாமல் போய் நில்லுங்கள்.

கேள்வி: இரவு 9 மணிக்கு அழைக்கிறார்கள்.

காலை 8-க்கு முன்பும் மாலை 7-க்குப் பின்பும் அழைக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 உத்தரவு. வங்கிக்குப் புகார் எழுதுங்கள், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் (வங்கிகள் மீதான புகார்களைக் கேட்கும் குறைதீர்ப்பாளர்) போங்கள்.

கேள்வி: இறந்துபோன அப்பாவின் கிரெடிட் கார்டு பாக்கியை என்னிடம் கேட்கிறார்கள்.

அவர் சொத்து உங்களுக்கு வந்த அளவுக்குத்தான் பொறுப்பு. நீங்கள் ஜாமீன் போடவில்லை, சொத்தும் வரவில்லை என்றால் கட்ட வேண்டியதில்லை. எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: 2017 கார்டு பாக்கி, 1000 ரூபாய் போட்டால் விட்டுவிடுவார்களாம்.

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வீட்டுக் கடன்?

அடமானம் வேறு, அதற்கு 12 ஆண்டு. பத்திரத்தோடு வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: வாங்கிய கடனை ஏமாற்றச் சொல்லித் தருகிறீர்களே?

இல்லை. கெடு முடிந்தாலும் கடன் அழியாது, வழக்குப் போடும் உரிமைதான் போகும். கட்ட விரும்புகிறவர் நேராக வங்கிக்குப் போய் செட்டில்மென்ட் கடிதம் வாங்கி, கடன் கணக்கிலேயே கட்டி, நிலுவையில்லாச் சான்று வாங்கட்டும். ஏஜென்ட்டின் சொந்த யுபிஐக்கு அனுப்பினால் பணமும் போகும், கடனும் அப்படியே இருக்கும்.

கேள்வி: அப்படியானால் காலக்கெடு எதற்கு, நேர்மையற்றவனுக்கு உதவவா?

பல வருடம் கழித்து ரசீதை யார் வைத்திருப்பார்கள்? கட்டியவரையே மறுபடி கட்டு என்று மிரட்டினால் அவர் எதைக் காட்டுவார்? வங்கியிடம் வக்கீல் இருக்கிறார், கணக்கு இருக்கிறது, அதற்கு 3 ஆண்டு தாராளம்.

கேள்வி: 300 ரூபாய் மட்டும் போடலாமா?

கூடாது.