கல்வித் தத்துவப் பக்கம்: முதல் பத்தியில் என்ன எழுதுவது?

தனியார் பள்ளியில இசை ஆசிரியர் வேலைக்கான விண்ணப்பத்துல, கல்வித் தத்துவப் பக்கத்தை எப்படித் தொடங்குறதுன்னு கேட்டிருக்கீங்க. முதல் பத்தியில தத்துவமே வேண்டாம். வியாசர்பாடி டியூஷன்ல சாயங்காலம் பசங்களுக்குப் பாட்டு சொல்லித் தர்றேன்னு எழுதியிருக்கீங்களே, அதுல ஒரு வகுப்பை அப்படியே எழுதுங்க. "இசை தெய்விகமானது"ங்கிற வரியோட நாலு நாளா நிக்குதுன்னா காரணம் இதுதான்: பள்ளிக்கூடம் கேட்கிறது பிள்ளைங்களை நீங்க எப்படிப் பார்க்கிறீங்கன்னு. நீங்க இசையைப் பத்தி எழுதப் பார்க்கிறீங்க.

புளியந்தோப்புல நான் சொல்லிக் கொடுத்தப்போ ஒரு பையன் சரளி வரிசைக்கு (கர்நாடக இசையில ஆரம்ப ஸ்வரப் பயிற்சி) வாயே திறக்க மாட்டான். ஆனா பெஞ்சுல கானா தட்டினா விரல் ஒரு இடத்துல பிசகாது. அந்தக் கையையே ஆதி தாளத்துக்குக் கொண்டு வந்தேன்: லகுவுக்கு (ஒரு தட்டு, மூணு விரல் எண்ணிக்கை) 4, ரெண்டு திருதத்துக்கு (ஒவ்வொண்ணும் ஒரு தட்டு, ஒரு வீச்சு) 4, மொத்தம் 8 எண்ணிக்கை. கை நின்னதும் குரல் தானா வந்துச்சு. சரளி வரிசை பாடுற மாயாமாளவகௌளை ராகம் அப்புறம்தான். கானாவை மட்டும் குறைச்சு எழுதிடாதீங்க. அது அந்தப் பிள்ளைங்க வீட்டு இசை.

அதே பக்கத்துல லட்சியம்னு எழுதுற இடத்துக்கு "சிறந்த ஆசிரியர் ஆவேன்" போதாது. முதல் வருஷம் ஆறாம் வகுப்பு முழுக்கத் தாளம் தவறாம போடணும், மூணாவது வருஷம் பள்ளிக்குன்னு ஒரு சேர்ந்திசைக் குழு, இப்படி.

எழுதி முடிச்சதும் "இசை"ன்னு இருக்கிற இடத்துல "கணக்கு"ன்னு மாத்திப் படிங்க. அப்பவும் பொருந்துற வரிகளை அடிச்சிடுங்க.

இதெல்லாம் தனியார் பள்ளி விண்ணப்பத்துக்கு. அரசுப் பள்ளி வேலைன்னா அறிவிப்புல கேட்கிற சான்றிதழ் கையில இருக்கான்னு முதல்ல பாருங்க.