மொட்டைமாடிக்கு எதிரே பருந்துக் கூடு: கலைக்காமல் சமாளிப்பது எப்படி, பார்ப்பது எப்படி

கேள்வி: சென்னையில் நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். பக்கத்துக் காலி மனையில் உள்ள தூங்குமூஞ்சி மரத்தில், எங்கள் மொட்டைமாடி உயரத்துக்கே பருந்து கூடு கட்டியிருக்கிறது. இரண்டு வாரமாகத் துணி காயப்போடப் போனாலே தலையை உரசுகிற மாதிரி பாய்கிறது. கூட்டைக் கலைத்துவிடலாம் என்று அசோசியேஷனில் பேசுகிறார்கள். என் மகளுக்கோ தினமும் அதைப் பார்க்க வேண்டும். என்ன செய்வது?

பதில்: கலைக்க விடாதீர்கள். முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற கணக்கில்தான் வருகிறது, பருந்துக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. கூட்டத்தில் இதைச் சொன்னாலே பாதிப் பேச்சு அடங்கிவிடும். மீதிப் பேருக்கு இது எத்தனை நாளைக்கு என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நகரத்தில் இப்படி ஆள்மேல் பாய்வது பெரும்பாலும் கரும்பருந்து. பறக்கும்போது வால் நுனி நடுவில் குழிந்து பிளவுபட்ட மாதிரி தெரிந்தால் அதுவேதான். (வல்லூறு இதைவிட நன்றாகச் சின்னது, வாலில் பட்டை பட்டையாக இருக்கும். தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம் என்றால் செம்பருந்து.) கரும்பருந்து அடைகாக்க ஏறத்தாழ ஒரு மாதம், குஞ்சு பறக்க அப்புறம் ஒன்றரை மாதம், சமயத்தில் இன்னும் கொஞ்சம் கூடவே ஆகும். முட்டை இருக்கும்போதைவிடக் குஞ்சு வந்த பிறகுதான் கோபம் ஏறும். இரண்டு வாரமாகத்தான் பாய்கிறது என்கிறீர்கள், அப்படியென்றால் அநேகமாகக் குஞ்சு பொரித்துவிட்டது; ஒரு மாதம், ஒன்றரை மாதம் பொறுத்துக்கொண்டால் போதும்.

அதுவரை கொடியை மாடியின் மறுபக்கத்துக்கு மாற்றிக் கட்டுங்கள். கூட்டுப் பக்கம் போயே ஆக வேண்டுமென்றால் குடை பிடித்துக்கொள்ளுங்கள், பாய்ச்சல் பெரும்பாலும் பின்பக்கமிருந்துதான் வரும் என்பதால் முதுகைக் காட்டாமல் அதைப் பார்த்தபடியே நகருங்கள். கல்லெறிவது, பட்டாசு வெடிப்பது எல்லாம் அதை இன்னும் மூர்க்கமாக்கும். இன்னொன்று, உங்கள் கட்டடத்தில் யாராவது மாடியில் மீன் கழிவோ கறித்துண்டோ வைக்கிறார்களா என்று விசாரியுங்கள். டெல்லிக் கரும்பருந்துகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் இறைச்சி வீசுகிற, குப்பை தேங்குகிற இடங்களை ஒட்டிய கூடுகளில்தான் ஆள்மேல் பாய்வது அதிகம் என்று தெரியவந்தது. நல்ல மனதோடு வைத்தாலும் சரி, நிறுத்தச் சொல்லுங்கள்.

இனி உங்கள் மகளுக்கு. உண்மையில் அவளுக்குக் கிடைத்திருப்பது பெரிய வாய்ப்பு, ஏனென்றால் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்குக் கூட்டின் அடிப்பாகம்தான் தெரியும். மாடிக்குப் போகாமல் வீட்டு ஜன்னலுக்கு உள்ளே, திரைச்சீலையை ஒரு சாண் மட்டும் விலக்கி உட்காரச் சொல்லுங்கள். 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது) தாராளமாகப் போதும். கூட்டில் இருக்கும் பறவை தலையைத் தூக்கி உங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் அதிகமாக நெருங்கிவிட்டீர்கள், கூட்டைவிட்டு எழுந்து பறந்தே விட்டால் உடனே ஜன்னலைவிட்டு விலகிவிட வேண்டும். காரணம், சென்னை வெயிலில் தாயின் நிழல் இல்லாமல் சின்னக் குஞ்சு கொஞ்ச நேரத்திலேயே துவண்டுவிடும், காகமும் அந்த நேரத்துக்காகத்தான் பக்கத்துக் கிளையில் காத்திருக்கும்.

இரை வரும்போது கவனிக்கச் சொல்லுங்கள். தாய் இரையைக் காலுக்கடியில் அழுத்திப் பிடித்து, நார் நாராகக் கிழித்து, தலையைச் சாய்த்து அலகு நுனியால் ஊட்டும். குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் பின்பக்கமாகவே நகர்ந்து கூட்டின் விளிம்புக்கு வந்து வெளியே எச்சமிடும். கீழ் இலைகளில் வெள்ளைக் கோடுகள் கூடக்கூட உள்ளே வளர்ச்சி நடக்கிறது என்று அர்த்தம். பறப்பதற்கு முன் விளிம்பில் நின்று சிறகடித்துப் பழகும். கூட்டில் சுள்ளியோடு துணிக்கிழிசல், கம்பி, பிளாஸ்டிக் கவர் எல்லாம் செருகியிருக்கும், அதில் வெள்ளை பிளாஸ்டிக்கைத் தேடிப் பார்க்கட்டும். ஸ்பெயினின் டொன்யானா தேசியப் பூங்காவில் கரும்பருந்துகளை வைத்து நடந்து, 2011இல் வெளியான ஆய்வுப்படி, வலுவான ஜோடிகள்தான் அதை நிறைய வைக்கின்றன, மற்ற பருந்துகளுக்கு அது ஒரு எச்சரிக்கை. நம் ஊர்ப் பருந்துக்கும் அதே காரணம்தானா என்பது வேறு விஷயம், ஆனால் ஒரு குழந்தை நோட்டுப் போட்டுக் குறித்துவைக்க இதைவிட நல்ல விஷயம் எது!

ட்ரோன் வேண்டவே வேண்டாம், ஃப்ளாஷும் வேண்டாம். இணையத்தில் படம் போட்டால் தெருப்பெயர் போடாதீர்கள்.

கடைசியாக, குஞ்சு கீழே விழுந்தால். இறகு முளைத்து, தானாக நிற்கிறது என்றால் நாயும் பூனையும் எட்டாத கிளையிலோ சன்ஷேடிலோ வைத்துவிட்டு விலகுங்கள், மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் பொய், தேடி வந்து ஊட்டும். வெறும் பஞ்சுபோல் இருந்தாலோ அடிபட்டிருந்தாலோ, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து இருட்டில் வைத்து வனத்துறைக்கோ வேளச்சேரியில் உள்ள விலங்கு நல அமைப்பான புளூ கிராஸுக்கோ சொல்லுங்கள். பாலோ சோறோ கொடுக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தூக்கும்போது தடித்த துண்டால் காலையும் சேர்த்துப் போர்த்தித் தூக்குங்கள், அலகைவிட நகம்தான் ஆழமாகக் கிழிக்கும்.