கேள்வி நேரம்: உறைந்த மண்ணின் மேல் வாழ்கிறவர்கள்

கேள்வி: மக்கள் வாழும் ஊர்களில் மிகக் குளிரானது சைபீரியாவில் இருக்கிறதாமே. வட துருவம் அதற்கும் எவ்வளவோ மேலே இருக்க, இங்கே எப்படிக் குளிர் அதிகம்? (நாமக்கல் வாசகர்)

பக்கத்தில் கடல் இல்லாததுதான் காரணம். வட துருவத்தில் பனிக்கு அடியில் கடல் இருக்கிறது, அந்தத் தண்ணீர் மேலே உள்ள காற்றை ஓரளவுக்கு மேல் குளிர விடாது. நீங்கள் கேட்கும் ஊர் ஓய்மியாகோன், ரஷ்யாவின் சாகா குடியரசில் மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் சைபீரியா மேல் உயர் அழுத்தம் வந்து உட்கார்ந்துவிடும், வானத்தில் மேகம் இருக்காது, காற்று அசையாது, சில மணி நேரமே வரும் வெயிலையும் பனித்தரை திருப்பி அனுப்பிவிடும், கனத்த குளிர்காற்று மலைச்சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். 1933 பிப்ரவரியில் அங்கே மைனஸ் 67.7 டிகிரி.

ஆனால் தரை சீக்கிரம் ஆறுவது போலச் சீக்கிரம் சுடவும் செய்யும். அதே சாகாவின் வெர்கோயான்ஸ்கில் 1892-ல் மைனஸ் 67.8, 2020 ஜூன் 20 அன்று 38 டிகிரி. ஒரே ஊரில் 105 டிகிரிக்கும் மேல் வித்தியாசம்!

கேள்வி: அங்கே மழையும் குறைவு என்கிறார்கள். பிறகு அவ்வளவு காடு எப்படி? (தஞ்சாவூர் வாசகி)

அருமையான கேள்வி. சாகாவின் தலைநகர் யாக்குத்ஸ்கில் மழை, பனி எல்லாம் சேர்த்தே வருடத்துக்குச் சுமார் 240 மில்லிமீட்டர்தான். காட்டைக் காப்பாற்றுவது அடியில் இருக்கும் நிரந்தர உறைபனி, அதாவது வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் மண். கோடையில் மேல்மண் மட்டும் இளகும், அந்த ஈரம் கீழே இறங்க வழியில்லாமல் வேர்மட்டத்திலேயே நிற்கும், லார்ச் மரங்களுக்கு அது போதும். ஊசியிலை மரமாக இருந்தும் லார்ச் குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிடும்.

அந்த உறைபனி எவ்வளவு ஆழம் என்று நினைக்கிறீர்கள்? ஷெர்கின் என்பவர் யாக்குத்ஸ்கில் 1828-ல் தண்ணீருக்காகக் கிணறு தோண்ட ஆரம்பித்தார், 1837 வரை தோண்டி 116 மீட்டர் போயும் உறைந்த மண்தான். இன்று அங்கே அடுக்குமாடிகள் எல்லாம் தூண்கள் மேல் தரையைத் தொடாமல் நிற்கின்றன, வீட்டுச் சூடு மண்ணில் இறங்கினால் மண் இளகிக் கட்டடம் சாயும். அதே காரணத்தால் குழாய்களும் தெருவோரம் தரைக்கு மேலேயே ஓடுகின்றன.

கேள்வி: அந்தக் குளிரில் யார் இருக்கிறார்கள்? பனிமான் மேய்ப்பவர்களா? (மதுரை வாசகர்)

எவெங்கி, எவென் மக்கள் பனிமான் வளர்ப்பவர்கள். ஆனால் அங்கே பெரும்பான்மையாக இருக்கும் சாகா இன மக்கள் குதிரையும் மாடும் வளர்ப்பவர்கள், துருக்கிய மொழிக் குடும்பத்து மொழி பேசுகிறவர்கள், முன்னோர் தெற்கே பைக்கால் ஏரிப் பக்கமிருந்து வந்தவர்கள். இந்தியாவைவிடக் கொஞ்சமே சிறிய நிலப்பரப்பில் மொத்த ஜனத்தொகையே சுமார் 10 லட்சம்தான். அவர்களுடைய குதிரை குட்டையானது, அடர்ந்த முடியோடு குளிர்காலம் முழுக்க வெளியிலேயே நின்று, குளம்பால் பனியைக் கிளறிக் காய்ந்த புல்லை மேயும். மாட்டுக்கு அது முடியாது, தொழுவத்துக்குள்ளேயே பல மாதம் வைத்துத் தீனி போட வேண்டும், அதனால் ஜூலையில் புல் அறுத்துக் காயவைப்பதுதான் உயிர்நாடி. அதற்கு முன் ஜூன் கடைசியில் இஸ்யாக் திருவிழா, குதிரைப்பாலைப் புளிக்கவைத்த குமிஸ் எல்லோருக்கும் உண்டு. குடிதண்ணீருக்கு, ஏரி உறைந்ததும் பனிக்கட்டியை வெட்டி அடுக்கி வைத்து உருக்கிக் குடிக்கிற வழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது.

கேள்வி: பூமி சூடானால் இவர்களுக்கு நல்லதுதானே, விவசாயம் செய்யலாமே? (ஈரோடு வாசகர்)

இல்லைங்க, இந்தக் கணக்கை நான் ஏற்கவே மாட்டேன். மண்ணுக்குள் பனிக்கட்டி பாளம் பாளமாகக் கிடக்கிறது, அது உருகினால் மேலே உள்ள நிலம் அமிழ்ந்துவிடும். சாகாவில் சுராப்ச்சா என்ற ஊர்ப் பக்கம் ஒரு காலத்தில் சமமாக இருந்த வயல்கள் இப்போது மேடும் குழியுமாகிவிட்டன, டிராக்டர் ஓட்டவே இடமில்லை. அங்கே அறுக்கப் புல் இல்லாமல் போனால் மாடு போச்சு, அப்புறம் பிழைப்பும் போச்சு. கோடை சூடாகச் சூடாகக் காட்டுத்தீயும் பெருகுகிறது. 2021-ல் சாகா காடுகள் எரிந்தபோது அந்தப் புகை வட துருவம் வரை போனதை நாசாவின் செயற்கைக்கோள் படம் பிடித்தது.