கூண்டுத் தலையும் ஆத்தங்குடிக் கல்லும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு புகைப்படம் பார்த்தேன். காலி அறை. வெள்ளை உடையில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். தலை இருக்க வேண்டிய இடத்தில் பறவைக் கூண்டு. வீட்டில் ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள். எது சரி?
வாசகி, காரைக்குடி

அர்த்தத்தைக் கொஞ்சநேரம் ஓரமாக வையுங்கள். படத்தில் இருப்பதை ஒன்று விடாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கூண்டுக் கதவு திறந்திருக்கிறதா? உள்ளே பறவை உண்டா, வெறும் இறகு மட்டும்தானா? கொக்கி எந்தப் பக்கம்? கொக்கி வெளிப்பக்கம் இருந்தால் யாரோ அடைத்திருக்கிறார்கள். உள்பக்கம் இருந்தால் அவளே பூட்டிக்கொண்டிருக்கிறாள். இந்த ஒரு கொக்கியில் படத்தின் பொருள் தலைகீழாகிவிடும். ஃபோனில் விரலால் விரித்துப் பார்க்காமல் கருத்துச் சொல்லாதீர்கள் என்பது அதனால்தான்.

அடுத்து, இயல்பு மீறப்பட்ட இடம் எது? தேர்ந்த கலைஞர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு விதியை மீறிவிட்டு, மற்றதையெல்லாம் நம்பும்படி வைப்பார்கள். இங்கே மீறல் தலையில். தலையின் வேலை பார்ப்பது, பேசுவது, இன்னார் என்று காட்டுவது. கூண்டின் வேலை அடைத்து வைப்பது. இந்த இரண்டு வேலைகளும் மோதும் இடத்தில்தான் பொருள் பிறக்கிறது. அதே கூண்டு நெஞ்சில் இருந்தால் கதை வேறு. பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரித் 1937-இல் அப்படித்தான் வரைந்தார். உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு மார்பே கூண்டு. ஒரு புறா உள்ளே, இன்னொன்று திறந்த வாசலில். தலைப்பைப் படிக்காதவர் 'சிறை' என்பார். தலைப்போ 'சிகிச்சையாளர்'. ஆகவே தலைப்பைக் கடைசியில் படியுங்கள், ஆனால் கட்டாயம் படியுங்கள்.

பிறகு கைகளைப் பாருங்கள். மடியில் தளர்ந்து கிடக்கும் கையும் நாற்காலிப் பிடியை இறுக்கும் கையும் ஒரே செய்தியைச் சொல்லாது. முகமில்லாத படத்தில் முகத்தின் வேலையைக் கைதான் செய்கிறது.

வீட்டுச் சண்டைக்கு ஒரு வழி: நீங்கள் சொல்லும் அர்த்தத்துக்குப் படத்திலிருந்தே மூன்று சாட்சி காட்டுங்கள். ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் அது ஊகம். எதிர்ச்சாட்சி ஒன்று தெளிவாக இருந்தால் அந்த அர்த்தத்தைக் கைவிட வேண்டியதுதான். இரண்டு பேர் சொல்வதும் தேறலாம். எல்லார் சொல்வதும் தேறாது.

கேள்வி: கண்ணாடி என்றால் தன்னறிவு, தண்ணீர் என்றால் மனம், கதவு என்றால் வாய்ப்பு என்று அகராதி மாதிரி ஏதாவது உண்டா?
வாசகர், தேவகோட்டை

அப்படிப் பட்டியல் போடுபவர்கள் இருக்கிறார்கள். நம்பாதீர்கள். குறியீடு ஊருக்கு ஊர் மாறும். ஆந்தை கிரேக்கர்களுக்கு அறிவுத் தெய்வத்தின் பறவை, நம் வீட்டு மரத்தில் அலறினால் ஆகாத சகுனம். மேல்கேள்வியில் வந்த வெள்ளை உடை மேற்கே மணப்பெண்ணுடையது. நம் ஆச்சிமார் தலைமுறையில் வெள்ளைப் புடவைக்கு இருந்த பொருள் உங்களுக்கே தெரியும்.

கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நின்றால் வளவு (முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை நேர்கோட்டில் பார்வை போகும். ஒன்றுக்குள் ஒன்றாகக் கதவுகள் அடுக்கிய சர்ரியல் (கனவுபோல இயல்பை மீறிய) படத்தைப் பார்த்தால் நமக்கு வீட்டு நினைவு வரும். வேறு ஊர்க்காரருக்கு அது முடிவில்லாத தனிமை. இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள்: 'படம் எடுத்தவரின் ஊரில் இது என்ன', 'என் ஊரில் இது என்ன'. இரண்டாவதும் தவறில்லை. ஆனால் அதை எடுத்தவர் தலையில் கட்டக் கூடாது.

கேள்வி: எல்லாம் ஃபோட்டோஷாப் வேலைதானே? அதில் என்ன பெரிய பொருள் தேடுவது?
வாசகர், பள்ளத்தூர்

ஒட்டுவேலை கணினியோடு வந்ததில்லை, ஐயா. புகைப்படக் கலைஞர் ரெய்லாண்டர் 1857-லேயே முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கினார். அமெரிக்கர் ஜெரி யூல்ஸ்மேன் இருட்டறையில் பல என்லார்ஜர்களை (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவிகளை) வரிசையாக வைத்து, ஒரே தாளை ஒவ்வொன்றின் கீழும் நகர்த்தி மரத்தையும் வீட்டையும் இணைத்தார். புகைப்படக் கலைஞர் ஹால்ஸ்மன் 1948-இல் ஓவியர் டாலியை அந்தரத்தில் எடுத்த படத்தில் பூனைகளையும் தண்ணீரையும் உதவியாளர்கள் நிஜமாகவே வீசினார்கள். சரியாக அமைய 28 முறை ஆயிற்று.

எப்படிச் செய்தது என்று தெரிந்தால் படத்தை வாசிப்பதும் மாறும். சாண்டி ஸ்கோக்லண்டின் 'கதிரியக்கப் பூனைகள்' (1980) படத்தில் சாம்பல் நிறச் சமையலறை முழுக்கப் பச்சைப் பூனைகள். அத்தனையும் அவரே செய்து வண்ணம் பூசிய சிற்பங்கள். நடுவில் வயதான தம்பதி, எதுவும் நடக்காதது போல. பூனைகள் நிஜமாகவே அந்த அறையில் இருந்தன என்பதால்தான் அந்த அலட்சியம் நம்மை உறுத்துகிறது.

கேள்வி: எங்கள் வளவில் ரவிவர்மா படங்கள் மாட்டியிருக்கின்றன. அதற்கும் இதற்கும் தொடர்புண்டா?
வாசகி, கானாடுகாத்தான்

உண்டு. தாமரை, யானை, நான்கு கைகள்: ஒவ்வொன்றையும் பொருளோடு பார்க்க நீங்கள் ஏற்கெனவே பழகியிருக்கிறீர்கள். பெங்களூருக் கலைஞர் புஷ்பமாலா, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000–2004-இல் செய்த வரிசையில், ரவிவர்மாவின் லட்சுமியாகத் தானே வேடமிட்டு நின்றார். உங்கள் வீட்டுப் படத்தையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதை அப்படியே வைத்திருக்கிறார், எது நாடக மேடைபோல வெளிப்படையாகத் தெரிகிறது என்று குறியுங்கள். அந்த வேறுபாட்டில்தான் அவர் பேசுகிறார்.

கேள்வி: ஆயா வீட்டு வளவில், தங்கை அந்தரத்தில் மிதப்பதுபோல எடுத்தேன். ஸ்டூலை அழித்த பிறகும் பொய்யாகத் தெரிகிறது. எங்கே தவறு?
கல்லூரி மாணவர், காரைக்குடி

தரையில்தான் இருக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல், அதாவது செட்டிநாட்டுப் பூ வேலைத் தரை ஓடு, கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்துச் செய்வது; அதனால் பளபளக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்த தரையில் ஸ்டூல் கால்களின் பிம்பம் விழும். ஸ்டூலை அழித்தவர்கள் பிம்பத்தை அப்படியே விட்டுவிடுவார்கள்.

முறை இது. கேமரா ட்ரைபாடில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில். மேனுவல் மோடு, லென்ஸ் துளை எஃப் 8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 800-இல் தொடங்குங்கள். ஃபோகஸையும் ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலையையும்) பூட்டிவிடுங்கள். பட்டனைக் கையால் தொடாமல் 10 விநாடி டைமர் வையுங்கள். கேமரா துளி அசைந்தாலும் ஆத்தங்குடிப் பூ வேலையின் கோடுகள் இரண்டு படத்திலும் பொருந்தாது. வெறும் சிமெண்டுத் தரையில் மறையும் தவறு இங்கே பல்லிளிக்கும்.

முதலில் ஆளில்லாத தரை ஒன்று. பிறகு தங்கை ஸ்டூலில். கடைசியில் மறுபடி ஆளில்லாத தரை. முற்றத்து வெளிச்சம் சீக்கிரம் மாறும், எது ஒத்துப்போகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஸ்டூல் முதுகைவிட அகலம் குறைந்ததாக இருக்கட்டும். அது அழுத்தும் இடத்தில் துணி சப்பையாகும், அதுவும் காட்டிக்கொடுக்கும். முந்தானையை ஒருவர் பிடித்துத் தொங்கவிட, தனியாக இன்னொரு படம் எடுங்கள். கூந்தலும் துணியும் கீழ்நோக்கித் தொங்கினால்தான் கண் நம்பும்.

கணினியில் ஆளில்லாத படத்தைக் கீழ் லேயரில் (அடுக்கில்) வைத்து, மேலே தங்கை படத்தில் ஸ்டூலையும் அதன் பிம்பத்தையும் மாஸ்க் (மறைப்பு) போட்டு மறையுங்கள். உடலின் நிழல் இருக்கட்டும், கால்களின் நிழல் போகட்டும். கணினியில் அவளை இன்னும் உயர்த்தினால், பிம்பத்தை அதே அளவு கீழே இறக்க வேண்டும். நிழலை வெளிறச் செய்து, ஓரத்தை மங்கலாக விரிக்க வேண்டும். உயரம் கூடக் கூட நிழலின் ஓரம் கலைவதுதான் இயல்பு.

கேமராவை நகர்த்துவதற்கு முன், அங்கேயே திரையில் படத்தைப் பெரிதாக்கி, கால்களின் பிம்பம் விழுந்த கற்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.